யார் பொறுப்பில் இருந்தது

ஜனவரி 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

இன்று காலை முதல் வேலையாக நீச்சல் குளத்துக்குப் போய்த் தடங்களை எண்ணிவிட்டு வந்தேன். ஐந்து. பல்கலைக்கழகக் கைநூலில் இருபத்திரண்டு வருஷமாக ஆறு என்று அச்சாகிக்கொண்டிருக்கிறது. ஆறாவது எங்கே போயிற்று என்று குளத்துக் காவலரைக் கேட்டேன். "நான் வந்து பதினாலு வருஷம் ஆச்சும்மா. வரும்போதே அஞ்சுதான். நான் எடுக்கலை," என்றார்.

நீயும் அண்ணியும் சுகம்தானே? உன் காது எப்படி இருக்கிறது? போன வாரம் போனில் "அம்மாவுக்கு முட்டி வலி" என்றேன், "ரொம்ப சந்தோஷம்" என்றாய். இனிமேல் கடிதம்தான் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

பல்கலைக்கழகத்துக்கு இந்த வருஷம் அறுபது. வரலாறும் வளாக வசதிகளும் சேர்ந்த ஒரு புத்தகம் போடுகிறார்கள். எழுதுவது வெளியீட்டுப் பிரிவு, அதாவது நான். ஆகஸ்டில் அச்சுக்குப் போக வேண்டும். அந்த மாதக் கடைசியில் வெளியீட்டு அலுவலர் பதவிக்கு நேர்காணல். பன்னிரண்டு வருஷமாகப் 'பொறுப்பு அலுவலர்' என்று கையெழுத்துப் போடுகிறேன். இந்தத் தடவை முன்னால் இருக்கிற 'பொறுப்பு' போய்விடும் என்று பதிவாளர் சொல்லியிருக்கிறார்.

இங்கே புத்தகம் தயாராகும் விதம் உனக்குத் தெரியும். பழைய பதிப்பைப் பிரித்து ஒவ்வொரு பக்கத்தையும் பெரிய தாளில் ஒட்டி, ஓரத்தில் சிவப்பு மையில் திருத்துவோம். சிவப்பு படாததெல்லாம் அப்படியே அச்சுக்குப் போகும். ஆறாவது தடம் அப்படித்தான் சாகாமல் இருக்கிறது. அதனால் நான் ஒரு விதி வைத்துக்கொண்டேன். போய் நின்று பார்க்காத எதையும் விடப்போவதில்லை.

நாற்பத்தோராம் பக்கத்தில் தொலைநோக்கிக் கூடம் வருகிறது. கடைசி வாக்கியம் இது: "பொறுப்பாளரின் கவனக்குறைவால் முதன்மை லென்ஸ் காணாமல் போனதை அடுத்துக் கூடம் மூடப்பட்டது." பெயர் போடவில்லை. போட வேண்டிய அவசியமும் இல்லை. "லென்ஸைத் தொலைச்சிட்டு வேலையை விட்டுப் போனாரே, அவர் தங்கச்சிதானே நீங்க?" என்று போன மாதம்கூட ஒருவர் கேட்டார். பத்தொன்பது வருஷம் ஆகிறது. நீ கூடத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதி அனுப்பு. அந்த வாக்கியத்தை எடுக்க வழி கிடைக்கிறதா என்று பார்க்கிறேன்.

அம்மா வழக்கம்போல. வீட்டில் எது காணாமல் போனாலும், "ஏன்டி, உங்க அண்ணன் பொறுப்புலயா இருந்துச்சு?" என்பாள். நேற்று இடுக்கி.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை


பிப்ரவரி 3

எலிக்கு,

உன் கடிதம் வந்தது. காகிதத்துக்குள்ளேயே குடியிருக்கிற உனக்கு நாங்கள் சின்ன வயதில் வைத்த பெயர் எவ்வளவு பொருத்தம் என்று அண்ணியிடம் சொல்லிச் சிரித்தேன். நாங்கள் சுகம். இடது காது முழு ஓய்வு எடுத்துக்கொண்டுவிட்டது. வலது காது பகுதி நேர வேலை பார்க்கிறது. வகுப்பில் பிள்ளைகள் சொல்லும் பதில் எல்லாம் சரியான பதிலாகவே எனக்குக் கேட்கிறது, அதனால் என்மேல் எல்லாருக்கும் பிரியம்.

வரலாறு கேட்டாய். முதல் இரண்டு வருஷம் பாடம் நடந்தது ரயிலடிக்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்த பஞ்சுக் கிடங்கில். எண்பத்து நாலு பேர். உட்காரப் பலகைப் பெட்டிகள். யார் தும்மினாலும் கூரையிலிருந்து பஞ்சு இறங்குமாம், மழைக்காலத்தில் அது பாடப்புத்தகத்தில் ஒட்டிக்கொள்ளுமாம். முதல் நூலகம் ஒரே ஒரு இரும்பு அலமாரி. சாவி கணக்குப் பேராசிரியரிடம். அவருக்குக் கோபம் வந்தால் அன்றைக்கு யாரும் எந்தப் புத்தகமும் படிக்க முடியாது. மணிக்கூண்டைப் பற்றிக் கட்டாயம் எழுது. நாலு முகத்திலும் நாலு நேரம் காட்டும். தாமதமாக வருகிறவனைத் திட்டுவதற்கு முன் "நீ எந்தப் பக்கமா வந்தே?" என்று கேட்பது வழக்கம். தண்ணீர்த் தொட்டி கட்டியபோது விட்டத்தை அடியில் போட்டார்களா மீட்டரில் போட்டார்களா என்று ஒரு சண்டை நடந்தது. அதன் வரைபடம் கட்டடப் பிரிவில் இருக்கும், தேடிப் பார்.

தனித்தாளில் இன்னும் ஐந்து பக்கம் எழுதியிருக்கிறேன். விடுதி, சுகாதார நிலையம், அரங்கம், உணவகத்தின் நீளமான மேஜை எல்லாம் வருகிறது. எது வேண்டுமோ எடுத்துக்கொள்.

அம்மாவின் முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. இடுக்கி கிடைத்ததா?

அண்ணன்


பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். அங்கேயும் அப்படியே இருக்கட்டும். இடுக்கி அரிசிப் பானைக்குள் இருந்தது. போட்டது அம்மாதான், ஒப்புக்கொள்ளவில்லை.

பஞ்சுக் கிடங்கை அப்படியே எடுத்துக்கொண்டேன். தொட்டி வரைபடமும் கிடைத்தது, சண்டையின் தடயம் ஓரத்தில் மூன்று கையெழுத்துகளில் இருக்கிறது. ஆறு பக்கம் எழுதியிருக்கிறாய். அதில் தொலைநோக்கிக் கூடம் என்ற சொல்லே இல்லை. மறந்துவிட்டாய் என்று நினைத்துக்கொள்கிறேன்.

விடுதிகளை முடித்துவிட்டேன். மூன்றாம் விடுதியில் "வெந்நீர் வசதி உண்டு" என்று இருக்கிறது. உண்டு, வெயில் காலத்தில். சுகாதார நிலையத்தில் எட்டுக் கட்டில்கள் என்று போட்டிருக்கிறது. ஏழில் கோப்புகள் படுத்திருக்கின்றன.

போகிற இடமெல்லாம் கதவுகளில் புது எண்ணுக்கு அடியில் பழைய எண்ணின் சாயம் தெரிகிறது. எண்களை மாற்றிய வருஷம் உனக்கு நினைவிருக்கும். அதற்கு முன்னால் ஒவ்வொரு துறையும் ஒன்று, இரண்டு என்று தனித்தனியாக எண் போட்டிருந்தது. வளாகத்தில் பதினோரு ஆறாம் எண் அறைகள். ஆறாம் எண் அறைக்கு என்று ஒரு தந்தி வந்து மூன்று நாள் சுற்றியதாம். அதன்பிறகுதான் வளாகம் முழுக்க ஒரே வரிசையில் எண் கொடுத்தார்கள். பழைய எண் இடது பக்கம், புது எண் வலது பக்கம், நாலு பக்கப் பட்டியல். அதைத் தட்டச்சு செய்தது நான்தான். வேலையில் சேர்ந்து இரண்டே மாதம், தற்காலிகம். நீ எட்டிப் பார்த்து, "எலி, பல்லால கடிச்சு வெச்ச மாதிரி எழுத்து விழுது, ரிப்பனை மாத்து," என்றாய்.

அடுத்த மாதம் உடற்கல்விக் கட்டடம். அங்கே பழைய பொருளறையை இடித்து உடற்பயிற்சிக் கூடம் கட்டப்போகிறார்கள். அளவெடுக்கப் போக வேண்டும்.

அண்ணிக்கு என் அன்பு. கூடத்தைப் பற்றி எழுது.

தங்கை


மார்ச் 28

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன்னிடமிருந்து பதில் வரவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? பதிலுக்குக் காத்திருக்காமல் எழுதக் காரணம் இருக்கிறது.

லென்ஸ் கிடைத்துவிட்டது.

உடற்கல்விப் பொருளறையில், கிழிந்த வலைகளுக்கு அடியில் ஒரு சதுர மரப்பெட்டி. பூட்டியிருந்தது. இது என்ன என்று உடற்கல்வி இயக்குநரைக் கேட்டேன்.

"ஈட்டிப் பெட்டின்னு நெனைக்கிறேன் மேடம்."

"இத்தனூண்டு பெட்டியில ஈட்டி எப்படி சார் போகும்?"

"அது எனக்கு முன்னாடி இருந்தவரைக் கேக்கணும். சாவி கெடையாது. வருஷா வருஷம் இருப்பு எடுக்கறப்ப 'பெட்டி ஒன்று'ன்னு எழுதுவோம். போன வருஷம் இருந்துச்சு, இந்த வருஷமும் இருக்கு. கணக்கு சரியாப் போச்சு."

தச்சரைக் கூப்பிட்டுக் கீலைக் கழற்றினோம். கம்பளித் துணியில் சுற்றி, சாப்பாட்டுத் தட்டு அளவு கண்ணாடி. ஓரத்தில் கொஞ்சம் பூஞ்சை பிடித்திருக்கிறது. வேறு பழுது இல்லை. மூடியின் வெளிப்பக்கம் உன் கையெழுத்தில் ஒரு சீட்டு: "கூரை வேலை முடியும்வரை 144ஆம் அறையில் வைக்கவும். உடையக்கூடியது. கவிழ்க்காதீர்கள்." கவிழ்த்துத்தான் வைத்திருந்தார்கள், அதனால் சீட்டு யார் கண்ணிலும் படவில்லை.

இப்போது அது இயற்பியல் துறைத் தலைவரின் அலமாரியில் இருக்கிறது. எப்படி அங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. விசாரணைக் கோப்பைக் கேட்டிருக்கிறேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. "அப்ப யாரு கொண்டுபோய் வெச்சாங்க?" என்பாள். பதிலைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லலாம் என்று இருக்கிறேன்.

உனக்குச் சந்தோஷமாக இருக்கும். உடனே எழுது.

தங்கை


மே 2

அன்புள்ள உங்களுக்கு,

அண்ணி எழுதுகிறேன். நலம், உங்கள் நலத்தையும் அத்தை நலத்தையும் அறிய ஆசை. என் எழுத்தைப் பார்த்ததும் பயந்துவிட வேண்டாம். இவர் நன்றாக இருக்கிறார். பதில் மட்டும் எழுத மாட்டேன் என்கிறார்.

உங்கள் கடிதம் வந்த அன்று வாசலில் நின்றபடியே படித்தார். என்ன என்றேன். "லென்ஸ் கெடைச்சிருச்சாம்," என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கல்யாணமான புதிதில் இவரைப் பற்றி எங்கள் வீட்டில் என்னென்ன பேசினார்கள் என்பது எனக்குத்தானே தெரியும். இவர் கடிதத்தை மறுபடி மேலே பிடித்துப் பார்த்து, "ஒடையலையே," என்றார். அவ்வளவுதான். சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மூன்று நாள் கழித்து அது துவைக்கவும் போய்விட்டது. ஜன்னல் கம்பியில் காயப்போட்டு, காய்ந்ததும் திரும்பப் பையில் வைத்துக்கொண்டார்.

எனக்கு ஒன்று புரியவில்லை, உங்களிடம் சொல்லலாமா என்றும் தெரியவில்லை. எங்கே கிடைத்தது என்று நான் கேட்டேன். வந்து பார்த்த பக்கத்து வீட்டு ஆசிரியர்கூடக் கேட்டார். இவர் எங்களுக்குப் பதில் சொன்னார், ஆனால் ஆச்சரியப்பட்ட மாதிரி சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற மாதிரி சொன்னார்.

எழுதச் சொல்லித் தொந்தரவு செய்கிறேன். காது கேட்காத மாதிரி இருக்கிறார். எது நிஜம், எது நடிப்பு என்று இப்போதெல்லாம் கண்டுபிடிக்க முடிவதில்லை.

அத்தையை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

அண்ணி


மே 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

அண்ணியின் கடிதம் கிடைத்தது. நீ நலம் என்று தெரிந்துகொண்டேன். நாங்களும் நலம்.

கோப்பைப் படித்தேன். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், தவறு இருந்தால் திருத்து.

கூடத்தின் கூரை வேலைக்காக லென்ஸைக் கழற்றிப் பெட்டியில் வைத்தாய். அதை உங்கள் துறையின் இருட்டறையில், அதாவது பழைய எண்படி இயற்பியல் 6இல், வைக்க நினைத்தாய். கதவுகளில் புது எண் இன்னும் எழுதியிருக்கவில்லை, அதனால் தட்டச்சுப் பட்டியலைப் பார்த்தாய். 144 என்று இருந்தது, அதையே சீட்டில் எழுதினாய். பிறகு தேர்வு வேலையாக வெளியூர் போய்விட்டாய். விடுமுறையில் பெட்டியைத் தூக்கிப் போனவர்கள் கட்டடப் பிரிவு ஆட்கள். அவர்கள் பட்டியலைப் பார்க்கவில்லை, தங்கள் வரைபடத்தைப் பார்த்தார்கள். வரைபடத்தில் 144 என்பது உடற்கல்வி 6, பொருளறை. இருட்டறை 143. எல்லாத் துறைகளின் ஒன்றாம் அறைகள், பிறகு இரண்டாம் அறைகள் என்று அகர வரிசையில் எண் கொடுத்ததால் இயற்பியல் 6, உடற்கல்வி 6 இரண்டும் அடுத்தடுத்து வருகின்றன. பட்டியலின் மூன்றாம் பக்கத்தில் இந்த இரண்டு எண்களும் இடம் மாறியிருக்கின்றன.

விசாரணைக் குழு பட்டியலை வைத்துக்கொண்டு இருட்டறையில் தேடியது. ஒப்படைப்புப் பதிவேட்டில் "144, ஒப்படைத்தாயிற்று" என்று இருக்கிறது. ஆகவே அறைக்கு வந்த பிறகுதான் தொலைந்தது, சாவி உன்னிடம், தவறும் உன்னுடையது என்று முடித்துவிட்டார்கள். பட்டியலையும் வரைபடத்தையும் ஒரே மேஜையில் யாரும் வைத்துப் பார்க்கவில்லை.

பட்டியலைத் தயாரித்தபோது யாரோ தவறு செய்திருக்கிறார்கள்.

மழை ஆரம்பித்துவிட்டது. அம்மா முட்டியைக் குறை சொல்வதை விட்டுக் கூரையைக் குறை சொல்கிறாள்.

தங்கை


ஜூன் 10

எலிக்கு,

சுகம். இவ்விடத்திலும் மழை. பள்ளிக்கூடத்தில் இரண்டு வகுப்பை ஒரே அறையில் போட்டிருக்கிறார்கள். ஒரு பக்கம் ஒளி, மறு பக்கம் வெப்பம். நடுவில் நான்.

நீ எழுதிய வரிசை சரி. திருத்த ஒன்றும் இல்லை.

புத்தகத்தில் பழைய வாக்கியத்தையே விட்டுவிடு. சிவப்பு மை படாமல் போகட்டும். நாற்பத்தோராம் பக்கத்தை யார் படிக்கப் போகிறார்கள்? புதிதாகச் சேரும் பிள்ளைகள் உணவகம் எத்தனை மணிக்குத் திறக்கும் என்று பார்ப்பார்கள், மூடிவிடுவார்கள்.

யாரோ என்று எழுதியிருக்கிறாய். யாரோவாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

நேர்காணலுக்கு எந்தப் புடவை என்று அண்ணி கேட்கச் சொன்னாள். அந்த நீலம் வேண்டாமாம், அதில் நீ அழுது முடித்தவள் மாதிரி இருப்பாயாம்.

அண்ணன்


ஜூன் 27

அன்புள்ள அண்ணாவுக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறதா? எனக்குத் தூக்கம் சரியில்லை. மற்றபடி நலம்.

யாரோ இல்லை. நான். உனக்கு இது செய்தி இல்லை என்று இப்போது தெரியும். இருந்தாலும் நான் ஒரு தடவை என் கையால் எழுத வேண்டும்.

போன கடிதம் எழுதும்போது "யாரோ" என்ற இடத்தில் பேனா கொஞ்ச நேரம் நின்றது. பிறகு போய்விட்டது. சுலபமாகத்தான் போயிற்று.

பதிவாளரைப் பார்த்தேன். நேர்காணல் குழுவில் அவரும் இருக்கிறார். லென்ஸ் கிடைத்ததை அவருக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள்.

"நல்ல விஷயம்தான் மேடம். ஆனா அந்த வாக்கியத்தை மாத்தணும்னா ஆதாரம் வேணும்."

"இருக்கு சார். அறை எண் பட்டியல்ல தப்பு."

"யாரு பண்ணின தப்பு?"

நான் கோப்பின் நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தேன். அவரே சொன்னார்: "பேசாம வாக்கியத்தையே தூக்கிடுங்க. 'கூடம் மூடப்பட்டது', முற்றுப்புள்ளி. யாருக்கும் வம்பில்லை."

"தூக்கிட்டா பழைய பதிப்புல இருக்கறதுதான் சார் நிக்கும். நூலகத்துல முப்பது பிரதி இருக்கு."

"அப்ப தப்பு யாரோடதுன்னு சேர்த்தே எழுதுங்க. ஆளில்லாத தப்பை அச்சுல விட்டா, அது அடுத்தவன் தலையிலதான் போய் உக்காரும். உங்க அண்ணன் தலையில உக்காந்த மாதிரி." கடைசி வரியை அவர் கோபமாகச் சொல்லவில்லை. தேநீர் ஆறிவிட்டது என்று கவலைப்பட்டார்.

திரும்பி வந்து எங்கள் பிரிவில் பட்டியல் கோப்பைத் தேடி எடுத்தேன். மூன்றாம் பக்கம் இரண்டு பிரதி இருக்கிறது, தவறானது ஒன்று, திருத்தியது ஒன்று. இரண்டின் அடியிலும் என் முதலெழுத்து. நடுவில் குண்டூசி குத்திய ஒரு சீட்டு: "பக்கம் 3. இயற்பியல் 6, உடற்கல்வி 6. எண்கள் இடம் மாறியுள்ளன. திருத்தவும்." உன் கையெழுத்து. தேதி, நீ ஊரை விட்டுப் போன நாள்.

அந்தச் சீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் நான் பக்கத்தைத் திரும்ப அடித்திருக்கிறேன். உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? அன்று எதுவும் தோன்றவில்லை என்றே இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். தோன்றாமல் இருப்பதற்கு நான் கொஞ்சம் முயற்சி செய்திருக்கிறேன் என்று இப்போது நினைக்கிறேன்.

உனக்குத் தெரிந்திருந்தால் ஏன் போனாய்?

தங்கை


ஜூலை 24

எலிக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். நாலு தடவை எழுதிக் கிழித்தேன். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, தூக்கத்தைக் கவனி.

கடைசி நாள் அறைச் சாவிகளை ஒப்படைக்கக் கட்டடப் பிரிவுக்குப் போனேன். சுவரில் வரைபடம் மாட்டியிருந்தது. சும்மா நின்று பார்த்தேன். 144 எங்கே இருந்தது என்று பார்த்ததும் விளங்கிவிட்டது. நேரே உடற்கல்விக் கட்டடத்துக்குப் போனேன். பூட்டியிருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் வலைக்கு நடுவில் பெட்டியின் மூலை தெரிந்தது. சாவி வாங்கி வந்திருந்தால் அரை மணியில் முடிந்திருக்கும்.

விளையாட்டு மைதானப் படிக்கட்டில் உட்கார்ந்தேன். உன்னைக் காப்பாற்றத்தான் பேசாமல் போனேன் என்று நீ நினைத்துக்கொள்வாய். முழுக்க அப்படி இல்லை. விசாரணையில் மூன்று நாள் என்னை நிற்க வைத்தே கேள்வி கேட்டார்கள். எதிரே காலி நாற்காலி இருந்தது. ஆறு வருஷம் என்னோடு ஒரே மேஜையில் சாப்பிட்டவர்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர்கள் முன்னால் போய், "பாருங்க, நான் திருடலை" என்று காட்ட எனக்கு மனசு வரவில்லை. உன் ஞாபகமும் வந்தது. வரவில்லை என்றால் பொய். நீ தற்காலிகம், ஒரு வார்த்தையில் அனுப்பிவிடுவார்கள், அப்பா படுக்கையில் இருந்த சமயம். இந்த இரண்டில் எது முதலில் வந்தது என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியாது. பத்தொன்பது வருஷத்தில் நானே இரண்டு விதமாகவும் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

பெட்டி கிடந்தால் கிடக்கட்டும் என்று தோன்றியது. ஆனால் தப்பான எண் தப்பாகவே கிடப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. சீட்டை எழுதி உங்கள் பிரிவின் கடிதப் பெட்டியில் போட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

அண்ணிக்கே இதைப் போன வாரம்தான் சொன்னேன். என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். காது கேட்காதவனுக்கு அது ஒரு தண்டனையா என்று கேட்டேன்.

எழுதாதே. பன்னிரண்டு வருஷம் காத்திருந்த பதவி. அந்தக் குழுவும் நாற்காலி போடாத குழுவாக இருக்கலாம். அம்மாவிடமும் சொல்லாதே. வயதான காலத்தில் அவளிடம் இருப்பது அந்த ஒரு ஜோக்தான். அதையும் பிடுங்கிக்கொள்வானேன்?

அண்ணன்


ஆகஸ்ட் 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீயும் அண்ணியும் சேர்ந்து இதைப் படிக்கும்படி சமாதானமாகியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். இல்லையென்றால் அண்ணியிடம் முதலில் கொடு.

நேற்று தொலைநோக்கிக் கூடத்துக்கு ஏறினேன். என் விதியை அங்கே மட்டும் இத்தனை மாதம் தள்ளிப்போட்டுவிட்டேன். சுழல் படிக்கட்டில் அறுபத்தேழு படிகள். கைநூலிலும் அறுபத்தேழு என்றுதான் இருக்கிறது. இந்த வளாகத்தில் நான் எண்ணிச் சரியாக வந்த ஒரே எண் அது. நீ எழுதிக் கொடுத்ததாக இருக்கும்.

உள்ளே ஒன்றும் இல்லை. தொலைநோக்கிக் குழாய் தரையைப் பார்த்துக் கவிழ்ந்திருக்கிறது, வாயில் ஒரு பிளாஸ்டிக் பை கட்டியிருக்கிறார்கள். உன் மேஜை இருக்கிறது. நாற்காலி இல்லை. மேலே இருந்து பார்த்தால் இயற்பியல் கட்டடத்துக்கும் உடற்கல்விக் கட்டடத்துக்கும் நடுவில் ஒரு சைக்கிள் நிறுத்தம்தான். நடந்தால் இரண்டு நிமிஷம்.

நானும் அம்மாவும் வளாகக் குடியிருப்பில் இருந்தும், நீ ஊருக்கு வரும்போதெல்லாம் வளாகத்துக்குள் நுழைய மாட்டாய். கேட்டுக்கு வெளியே டீக்கடையில் உட்கார்ந்து அம்மாவை அங்கே கூட்டிவரச் சொல்வாய். "பெத்தவளைப் பாக்க டீக்கடைதானாடா கெடைச்சுது?" என்று அவள் திட்டுவாள், நீ அவளுக்கு இன்னொரு தேநீர் சொல்வாய். இரண்டு பேரும் சிரிப்பீர்கள். நான் பில் வருகிறதா என்று பார்க்கிற சாக்கில் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். போன தடவை அம்மாவுக்கு டீக்கடை மேட்டில் ஏற முடியவில்லை. அடுத்த தடவை முடியாது.

நீ சொன்னதை எல்லாம் யோசித்தேன். கோபமா, நானா, எது முதலில் வந்தது என்பது உனக்கே தெரியாதபோது எனக்கு எப்படித் தெரியும்? தெரியாமலே இருக்கட்டும். ஆனால் மூன்றாம் பக்கத்தின் அடியில் இருக்கிற முதலெழுத்து யாருடையது என்பதில் சந்தேகம் இல்லை.

ஒட்டிய தாள்கள் நாளைக் காலை பத்து மணிக்கு அச்சகத்துக்குப் போகின்றன. அவற்றைப் பதிவாளர் இன்னொரு தடவை பார்க்க மாட்டார், புத்தகமாக வந்த பிறகுதான் பார்ப்பார். புத்தகம் இருபதாம் தேதி வரும், நேர்காணல் இருபத்தாறு. நாற்பத்தோராம் பக்கத்தில் கடைசி வாக்கியத்தை அடித்துவிட்டு ஓரத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்:

"அறை எண்கள் மாற்றப்பட்ட ஆண்டில், தட்டச்சுப் பட்டியலில் இரண்டு எண்கள் இடம் மாறியதால் கூடத்தின் லென்ஸ் வேறு கட்டடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தப் பட்டியலைத் தட்டச்சு செய்தவர் இந்நூலைத் தொகுத்தவரே. கூடத்தின் பொறுப்பாளர்மீது தவறு இல்லை. லென்ஸ் இவ்வாண்டு மார்ச்சில் உடற்கல்விப் பொருளறையில் கிடைத்தது."

மை காய்ந்துவிட்டது. இதை யாரிடமும் சொல்லவில்லை. பதிவாளரிடம் இல்லை, பிரிவில் யாரிடமும் இல்லை. உனக்கு இந்தக் கடிதம் வந்து சேர நாலு நாள் ஆகும். அதற்குள் தாள்கள் போயிருக்கும், அதனால் வேண்டாம் என்று நீ எழுதினாலும் பிரயோஜனம் இல்லை. போன் செய்தால் உனக்குக் கேட்காது.

அம்மா உள்ளே அலமாரியை உருட்டிக்கொண்டிருக்கிறாள். மூக்குக் கண்ணாடியைக் காணோம். காலையில் நான்தான் துடைக்க வாங்கி ஒட்டிய தாள்களின்மேல் வைத்தேன், இதோ என் எதிரில் இருக்கிறது. "ஏன்டி, அது யார் பொறுப்புல இருந்துச்சு, உங்க அண்ணன் பொறுப்புலயா?" என்று குரல் வருகிறது. இந்தத் தடவை சிரிக்கப்போவதில்லை. கண்ணாடியை எடுத்துப்போய் அவள் கையில் கொடுத்து, என் பொறுப்பில்தான் இருந்தது என்று சொல்லி, நாற்பத்தோராம் பக்கத்தையும் கொடுக்கப்போகிறேன்.

தங்கை